வால்வு ஸ்பிரிங்கும் எமது மொறிஸ் மைனரும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, இலக்கணத்தையோ இலக்கியத்தையோதான் எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் வேறெதனை எழுதுவார்? ஆயினும், சென்ற ஆண்டின் பெரும்பகுதி எமது சிந்தையை ஆட்கொண்டிருந்தது நன்னூலன்று, எட்டுச் சுருள்வில்கள். கராச்சில் அவற்றை ‘ஸ்பிரிங்’ என்றே அழைப்பர். அங்கே போய்ச் ‘சுருள்வில்’ என்றால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பர். ஆதலின் நாமும் ஸ்பிரிங் என்றே எழுதுவோம்.

எமது ஐயாவும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. அவர் விட்டுச் சென்றது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டி அது. எம்முடையதன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர். வலு 37 குதிரை. 1990இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடியவை இத்தகைய வண்டிகளே. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபொழுது, நடக்கமாட்டாத எமது அப்பாச்சியை நாவற்குழிப் பாலம் கடத்தியதும் இவ்வண்டிதான். பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுங்கள் என்போருடன் நாம் வாதாடுவதில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

இதன் கேம் தண்டு தேய்ந்துபோயிற்று. செய்தி இலண்டனிலுள்ள அத்தானுக்கு எட்டியது. அவர் கார் ஓட்டப் பழகியதே இவ்வண்டியில்தான். இரண்டு மாதத்தில் ஒரு பொதி வந்து சேர்ந்தது. வால்வை முன்னையிலும் உயரத் தூக்கி, கூடிய நேரம் திறந்து வைத்திருக்கும் புதிய கேம் தண்டு ஒன்று. அதற்கான ரப்பெற்றுகள் எட்டு. பந்தயக் கார்களுக்குப் போடும் இரட்டை ஸ்பிரிங்குகள் எட்டுச் சோடி. “இனி ஐயாவின் கார் பறக்கும்” என்று கடிதமும் எழுதியிருந்தார்.

எமது மெக்கானிக் எழுபதைக் கடந்தவர். நாம் அண்ணை என்று அழைப்போம். அவர் கேம் தண்டைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். ஸ்பிரிங்கைக் கையிலெடுத்து அழுத்திப் பார்த்ததும் முகம் மாறியது. “மாஸ்ரர், பலமான ஸ்பிரிங் எண்டாப் போல நல்ல ஸ்பிரிங் எண்டில்லை. அவசரப்படாதேங்கோ” என்றார்.

பயிற்சிக் கலாசாலையில் எமக்கு உளவியல் கற்பித்தனர், பௌதிகம் கற்பித்திலர். ஆகவே அண்ணையிடம் மாணவராக அமர்ந்து அறிந்ததையே இங்குத் தருகின்றோம்.

வால்வைத் திறப்பது கேம். மூடுவதோ கேமன்று, ஸ்பிரிங். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழலுகையில் கேம் தண்டு அதிற் பாதியாகிய 2,500 முறை சுழலும். அஃதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் நாற்பது தடவைக்கு மேல் திறந்து மூடுகின்றது. மேலெழுந்த வால்வு, புஷ்றொட், றொக்கர் ஆகியன தாம் சென்ற திசையிலேயே செல்ல முனையும். அவற்றை மடக்கிக் கேமின் முதுகோடு ஒட்டிவரச் செய்வது ஸ்பிரிங்கின் கடன். வலுக்குறைந்தால் ரப்பெற் கேமைவிட்டுக் கிளம்பும். வால்வு தன் இருக்கையில் நேரந்தவறி மோதும். முறிந்து சிலிண்டருக்குள் வீழ்ந்தால் பிஸ்ரனும் போயிற்று. வேண்டிய விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 5,000இற்குப் போதுமான ஸ்பிரிங், 6,000இற்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவேண்டும். கணக்காய்ச் சொன்னால் 1.44 மடங்கு.

அப்படியாயின் பலத்தைக் கூட்டிவிடுவதே பாதுகாப்பன்றோ என்று நாம் வினவினோம். கண்டிப்பு மிகுந்த ஆசிரியரே சிறந்த ஆசிரியர் எனக் கருதும் பெற்றோர் நினைவுக்கு வந்தனர். அண்ணை விடை கூறவில்லை. ஆள் நிறை பார்க்கும் தராசொன்றைத் துளையிடும் பொறியின் கீழ் வைத்தார். வால்வு மூடியிருக்கையில் ஸ்பிரிங் நிற்கும் உயரத்தை முதலில் ஹெட்டில் அளந்து, அவ்வுயரத்துக்கு அழுத்தித் தராசைப் பார்க்கச் சொன்னார். பின்னர், வால்வு முற்றாகத் திறக்கும் அளவுக்கு மேலும் அழுத்தினார். இரட்டை ஸ்பிரிங் மூடிய நிலையில் ஏறத்தாழ 90 இறாத்தல். திறந்த நிலையில் 180. இந்த எஞ்சினில் றொக்கரின் நெம்பு விகிதம் ஏறக்குறைய 1.25 ஆதலால், கேமின் மேல் விழுவது 225 இறாத்தல். அவ்வளவும் ஒரு நூல் அகலக் கோட்டில் உரசிக்கொண்டிருக்கும். அறுபது ஆண்டு கடந்த றொக்கர் தண்டு இதனை எத்தனை காலம் தாங்கும்?

அதனினும் பெரிய இடர் வேறொன்று இருந்தது. புதிய கேம் தூக்கும் உயரம் கூடியது. முற்றாக அழுத்தியபொழுது உட்சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு ஒரு மில்லிமீற்றர்கூட மிஞ்சவில்லை. ஆகக் குறைந்தது ஒன்றரை மில்லிமீற்றராவது இருத்தல் வேண்டும் என்பது அண்ணையின் விதி. சுருள்கள் ஒட்டிவிட்டால் அது ஸ்பிரிங்கன்று, இரும்புக் குழாய். புஷ்றொட் வளையும், அல்லது கேம் உடையும். ஸ்பிரிங்கின் மூடி, வால்வு வழிகாட்டியின் தலையில் இடிக்கிறதா என்பதையும் அவ்வாறே அளந்து பார்த்தல் வேண்டும்.

இரட்டை ஸ்பிரிங்கைக் குறைகூறுவதாக எவரும் கொள்ளவேண்டா. ஒவ்வொரு சுருளுக்கும் தனக்கென ஓர் அதிர்வு உண்டு. சில வேகங்களில் அது தானே குலுங்கத் தொடங்கும். உள்ளே வேறோர் அதிர்வுடைய சுருளை நெருங்க வைத்தால் அக்குலுக்கம் அடங்கும். ஒன்றனுள் ஒன்று சிக்காதிருக்க இரண்டையும் எதிரெதிர்த் திசையிற் சுற்றியிருப்பர். அழகான ஏற்பாடுதான், ஆயின் நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடும் எஞ்சினுக்கு உரியது. அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச்செல்லும் நாம் 3,500ஐத் தாண்டுவது அரிது.

பழைய ஸ்பிரிங்குகளையே போட்டாலென்ன? அவற்றையும் அளந்தோம். எட்டில் இரண்டு, ஏனையவற்றிலும் ஒரு மில்லிமீற்றர் குறுகியிருந்தன. அவையும் தகா.

தீர்வு பொதிக்குள்ளேயே கிடந்தது. கேம் தண்டோடு வந்த அட்டையில், அதனைச் செய்தோர் தூக்கும் உயரத்தையும், வீதிப் பாவனைக்கு ஏற்ற ஒற்றை ஸ்பிரிங்கின் அளவையும் அச்சிட்டிருந்தனர். மூடிய நிலையில் ஏறத்தாழ 60 இறாத்தல், திறந்த நிலையில் 100. அத்தான் அதனைப் படித்தும், ஐயாவின் காருக்கு ஆகச் சிறந்ததையே அனுப்பவேண்டும் என்ற ஆசையால் விலைகூடியதை வாங்கியிருக்கிறார். இதனை அவருக்கு எழுதுவதே எமக்கு எல்லாவற்றிலும் கடினமாயிற்று. நான்கு முறை எழுதிக் கிழித்தோம். ஈற்றில் அளவுகளை மட்டும் எழுதி, தராசின் படத்தையும் அனுப்பினோம். ஒரு கிழமை மறுமொழியில்லை. பின்னர் ஒற்றை ஸ்பிரிங்குகள் எட்டும் வந்தன, கூடவே ஒரு வரி: “ஐயா இருந்திருந்தாலும் அளந்துதான் பார்த்திருப்பார்.”

பூட்டி முடித்தபின் நாகச் சேர்வை கூடிய எண்ணெய் ஊற்றி, இயக்கிய கணத்திலிருந்து இருபது நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட்டார் அண்ணை. மெதுவாக ஓடினால் கேமுக்கு எண்ணெய் போதியளவு தெறியாது. புதிய கேம் கெடுவது பெரும்பாலும் அந்த முதல் நிமிடங்களிலேயே. அம்மா முற்றத்தில் நின்று, பழைய சத்தமில்லையே என்று குறைப்பட்டார்.

இரட்டை ஸ்பிரிங்குகள் எட்டுச் சோடியும் எண்ணெய்த் தாளிற் சுற்றியபடி எம்மிடம் உள்ளன. பந்தயத்துக்கு எஞ்சின் ஆயத்தஞ் செய்யும் பழைய மாணவர் எவரேனும் இருப்பின், தமது ஹெட்டை அளந்துகொண்டு வருவாராயின், அத்தானின் சம்மதத்தோடு இலவசமாகவே தருவோம்.