வாலில் இருக்கிறது அர்த்தம்

இங்கிலீஷில் மிகவும் கடினமான சொல் எது என்று யாராவது என்னைக் கேட்டால், தயங்காமல் ‘புட்’ என்று சொல்வேன். கேட்டவர் சிரிப்பார். மூன்றெழுத்துச் சொல், ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும், ‘வை’ என்று அர்த்தம். இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் அந்த மூன்று எழுத்தில் இல்லை. அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் வாலில் இருக்கிறது. ‘புட் ஆன்’ என்றால் சட்டையைப் போட்டுக்கொள்வது. உடம்பில் சதை போட்டாலும் அதே ‘புட் ஆன்’தான். ‘புட் ஆஃப்’ என்றால் இன்றைக்குச் செய்ய வேண்டியதை நாளைக்குத் தள்ளிப் போடுவது. ‘புட் அவுட்’ என்றால் விளக்கையோ நெருப்பையோ அணைப்பது. ‘புட் டவுன்’ என்றால் கையில் இருப்பதைக் கீழே வைப்பது, கலகத்தை அடக்குவது, பிழைக்க வழியில்லாமல் தவிக்கும் நாயை ஊசி போட்டு முடித்துவிடுவதும் அதுவே. ‘புட் அப்’ என்றால் ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்குத் தங்க இடம் கொடுப்பது. அதோடு ‘வித்’ என்று இன்னொரு வாலும் சேர்ந்துவிட்டதோ, போயிற்று! அந்த விருந்தாளி பத்து நாளாகியும் பெட்டியைக் கட்டாமல் இருக்கும்போது நாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறோமே, அந்த அர்த்தம் வந்துவிடுகிறது.

இந்த மாதிரிச் சொற்களுக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்று பெயர். பெயர் அவ்வளவு பழசு அல்ல. இங்கிலீஷ் மரபுத் தொடர்களைப் பற்றி லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் அதைக் கையாண்டார். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் அது. பெயர்தான் புதிதே தவிர, தொல்லை புராதனமானது. 1755-ல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலே டாக்டர் ஜான்ஸன் இதைத் தனியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். வினைச்சொல்லோடு ஒரு சின்னச் சொல்லைச் சேர்த்து அர்த்தத்தையே மாற்றிவிடும் இந்த வழக்கம்தான் அந்நியர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்பது அவர் கருத்து. இங்கிலீஷுக்கு அகராதி எழுதிய மகானே அப்படிச் சொன்ன பிறகு, நம் ஊர்ப் பையன்கள் திணறுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

பாடப் புஸ்தகம் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்தச் சிரமம் இரட்டிப்பு. அதற்கும் சரித்திரத்தில் ஒரு காரணம் உண்டு. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். பிறகு நெடுங்காலம் அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு நடமாடியது. மாதா கோவிலிலும் கல்விமான்களின் ஏடுகளிலும் லத்தீன். குடியானவன் வீட்டு அடுப்பங்கரையில் மட்டும் பழைய இங்கிலீஷ். காலக்கிரமத்தில் எல்லாம் கலந்து ஒரே பாஷையானபோது, ஒரே காரியத்துக்கு இரண்டு சொற்கள் தங்கிவிட்டன. நெருப்பை ‘எக்ஸ்டிங்க்விஷ்’ செய்யலாம், ‘புட் அவுட்’டும் செய்யலாம். கூட்டத்தை ‘போஸ்ட்போன்’ பண்ணலாம், ‘புட் ஆஃப்’பும் பண்ணலாம். விஷயத்தை ‘இன்வெஸ்டிகேட்’ செய்தாலும் ‘லுக் இன்ட்டு’ செய்தாலும் ஒன்றேதான். முதலாவது கூடத்துச் சொல். இரண்டாவது அடுக்களைச் சொல்.

நமக்கு இங்கிலீஷ் வந்து சேர்ந்தது அடுக்களை வழியாக அல்ல. 1835-ல் மெக்காலே தம் குறிப்பை எழுதிய காலம் தொட்டு, அது கச்சேரி, கோர்ட்டு, கலாசாலை இந்த மூன்று வாசல் வழியாகத்தான் வந்தது. அதனால் கூடத்துச் சொற்களெல்லாம் நம்மிடம் ஏராளம். அர்ஜி எழுதச் சொன்னால் பிளந்து கட்டிவிடுவோம். வெள்ளைக்காரன் தன் பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் பேசுகிற பேச்சுத்தான் நமக்குப் பிடிபடுவதில்லை.

அதற்காக நாம் சும்மா இருந்துவிடவும் இல்லை. நமக்கு வேண்டிய வால்களை நாமே ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ‘எந்த வருஷம் காலேஜிலிருந்து பாஸ் அவுட் ஆனீர்கள்?’ என்று இங்கே சர்வ சாதாரணமாகக் கேட்கிறோம். வெள்ளைக்காரர்களின் ராணுவப் பள்ளிகளில் பயிற்சி முடிந்து போவதற்கு இந்தச் சொல் உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘பாஸ் அவுட்’ என்றால் மயக்கம் போட்டு விழுவது. நம் டாக்டர் ஒருவர் அங்கே போய், ‘நான் மெடிக்கல் காலேஜில் பாஸ் அவுட் ஆனவன்’ என்று பெருமையாகச் சொன்னால், ‘அடடா, தண்ணீர் தெளித்தார்களா?’ என்று கேட்க இடமுண்டு!

இதை ஒழுங்குபடுத்திவிடலாம் என்று ஒரு புண்ணியவான் முயன்றார். சி. கே. ஆக்டன் என்று பெயர். 1930-ல் ‘பேஸிக் இங்கிலீஷ்’ என்ற ஒன்றை வெளியிட்டார். மொத்தமே 850 சொற்கள். அதற்குள் வினைச்சொற்கள் வெறும் 18. உலகம் முழுவதும் இதை வைத்துக்கொண்டே பேசிவிடலாம் என்பது திட்டம். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! ஆனால் சூட்சுமம் எங்கே இருக்கிறது, பாருங்கள். பெரிய வினைச்சொற்களை எல்லாம் விலக்கிவிட்டு ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’, ‘கோ’ என்கிற சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், அவற்றுக்கு ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ என்று வால் ஒட்டித்தானே காரியத்தை நடத்த வேண்டும்? 850 என்பது எண்ணிக்கை; வாலோடு சேர்ந்து வருகிற அர்த்தங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. மளிகைக் கடைக்காரர் சாமானுக்கு ஒரு விலை சொல்லிவிட்டுக் கூலியைத் தனியாகக் கேட்பதுபோல.

இங்கிலீஷ்காரர்களைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் வீட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. தமிழில் ‘சொல்’ என்று ஒரு வினை இருக்கிறது. வாத்தியார் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். விருந்தாளி சொல்லிக்கொண்டு புறப்படுகிறார். கல்யாணத்துக்கு மேளக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். உடம்பு சரியில்லை என்றால் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புகிறோம். எப்போதோ நூறு ரூபாய் கொடுத்து உதவிய சித்தப்பா, நாலு பேர் நடுவில் அதைச் சொல்லிக் காட்டுகிறார். ‘சொல்’ என்பதும் தெரியும், ‘காட்டு’ என்பதும் தெரியும் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்தால், அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கும் சுருக்கென்ற வலி அவருக்கு எந்த அகராதியில் அகப்படும்? அதை அனுபவித்த ஒருவன்தான் எடுத்துச் சொல்ல முடியும்.

வலி என்றதும் எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணின் ஞாபகம் வருகிறது. நர்ஸுப் படிப்பு முடித்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் வேலை பார்த்து, இங்கிலாந்துக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, வைத்தியத் தொழிலில் இருப்பவர்களுக்கென்றே நடக்கும் ஓ. இ. டி. என்ற இங்கிலீஷ் பரீட்சையிலும் தேறிவிட்டாள். வடக்கு இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தகப்பனார் நிலத்தின் பேரில் கடன் வாங்கித்தான் விமானம் ஏற்றினார்.

போன மூன்றாவது வாரம், ராத்திரி முறை. வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு கிழவி. இவள் பக்கத்தில் போய் விசாரித்தபோது, ‘ஐ பிராட் அப் மை டீ’ என்றாளாம் கிழவி. ‘பிரிங் அப்’ என்றால் பிள்ளையை வளர்ப்பது என்று இவள் படித்த புஸ்தகத்தில் இருந்தது. டீயை எப்படி வளர்ப்பது? சரி, யாரோ மாடிக்கு டீ கொண்டுவந்து கொடுத்ததைச் சொல்லுகிறாள் என்று நினைத்து, ‘வெரி குட்’ என்று சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். நல்ல வேளையாக, அடுத்த கட்டிலில் இருந்த மலையாள நர்ஸ் அம்மாளின் காதில் அது விழுந்தது. ஓடி வந்து பார்த்தாள். கிழவி சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் ‘டீ’ என்றால் சாயங்காலச் சாப்பாட்டுக்கே பெயர். அரைமணி முன்னால் விழுங்கிய மாத்திரையும் அதோடு போயிருக்க வேண்டும். உடனே டாக்டருக்கு ஆள் போயிற்று. கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இந்தப் பெண் அன்று விடிய விடிய நடுங்கியிருக்கிறாள். போனில் என்னிடம் சொல்லும்போதும் குரல் தழுதழுத்தது.

“பாட்டி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும், மாமா. சேர்த்துச் சொன்னதுதான் தெரியலை. ‘வாமிட்’னு சொல்லியிருந்தா தூக்கத்திலகூடப் புரிஞ்சிருக்கும்.”

“நம்ம ஊர்ப் பாட்டி மட்டும் வாந்தின்னா சொல்வா? வயித்தைப் புரட்டுது, குமட்டிக்கிட்டு வருது, கொட்டிட்டேன்னுதானே சொல்வா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “ஆமா மாமா. நெஞ்சை அடைக்குதுன்னு சொன்னா, எதை வச்சு அடைக்குதுன்னு நான் கேட்டதே இல்லையே” என்றாள்.

அந்தப் பெண் பாஷை தெரியாதவள் அல்ல. பரீட்சைக்கு வேண்டிய பாஷையைப் பரிபூரணமாகக் கற்றவள். பரீட்சை வைக்கிறவர்கள் நிதானமாக உட்கார்ந்து கேள்வி எழுதுகிறார்கள். நோயாளிக்கு அந்த நிதானம் ஏது? வலிக்கிறபோதும் பயப்படுகிறபோதும் மனிதனுக்கு அடுக்களைச் சொல்தான் வாயில் வருகிறது. நோவு வருவதை ‘கம் ஆன்’ என்பான். மருந்தின் வேகம் தணிவதை ‘வேர் ஆஃப்’ என்பான். கால் தள்ளாடி விழுந்தால் ‘கேவ் வே’ என்பான். மயக்கம் தெளிந்தால் ‘கம் ரவுண்ட்’.

இவற்றைக் கற்றுக்கொள்ள வழி என்ன? முந்நூறு, நானூறு என்று பட்டியல் போட்டு விற்கிறார்கள். பட்டியலை உருப்போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘கிவ் அப்’புக்கும் ‘கிவ் இன்’னுக்கும் நடுவில் வழி தெரியாமல் நிற்பார்கள். வால்களுக்கு என்று கொஞ்சம் குணம் உண்டு. அதைப் பிடித்துக்கொள்வது உபயோகம். ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ என்பவற்றில் வரும் ‘அப்’புக்கும் மேலே என்பதற்கும் சம்பந்தமே இல்லை. சாப்பிட்டுவிடு, குடித்துவிடு என்கிறோமே, ஏறத்தாழ அந்த ‘விடு’ அது. காரியம் மிச்சமில்லாமல் முடிந்தது என்று காட்டுகிறது. ‘ஆஃப்’ பெரும்பாலும் விலகிப் போவதைக் காட்டும். வாலை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘புட் இட் ஆஃப்’ என்று நடுவில் ‘இட்’டைச் செருகத்தான் வேண்டும், ‘லுக் ஆஃப்டர் இட்’ என்பதில் செருகவே கூடாது. இவ்வளவும் பாதி தூரம் கொண்டுபோய் விடும். மீதிப் பாதி, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்து, அவர் இருக்கும் நிலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. நாம் தமிழ் கற்றுக்கொண்டதும் அப்படித்தானே?

எதிர் வீட்டுப் பெண் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. போன மாதம் அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். அகராதியில் சொல்லுக்கு எதிரே அர்த்தம் இருக்கும். இவள் நோட்டில் சொல்லுக்கு எதிரே ஆள் இருக்கிறது. ‘பிராட் அப் – ஜன்னல் ஓரத்துப் பாட்டி, முதல் ராத்திரி.’ ‘கேவ் வே – படியில் விழுந்த தாத்தா.’ ‘வேர் ஆஃப் – விடியற்காலையில் மணி கேட்டுக்கொண்டே இருந்தவர்.’

அந்தச் சொற்கள் அவளுக்கு இனி மறக்காது.