வாசம் பிடிக்கும் வால் பசங்க!

திருப்பூர்ல பல்லடம் ரோடு பஸ் பிடிச்சு, வீரபாண்டி பிரிவில் இறங்குங்க. பனியன் கம்பெனி, டையிங் பட்டறை, துணி மூட்டை ஏற்றும் வண்டி... இதெல்லாம் எல்லாரும் பார்க்கிறதுதான். நல்ல மழை விட்டு கொஞ்ச நாள் கழிச்சு வந்தா, ஓரமா தேங்கின குட்டையையும் எட்டிப் பாருங்க. தக்கனூண்டு கறுப்பா, கும்பலா வாலாட்டுதா? தலைப்பிரட்டை!

இந்த வால் பசங்களுக்கு வில்லன் யார் தெரியுமா? சொந்தக்காரனேதான்! மழைக்கு வயலில் கத்துற பெரிய காளைத் தவளையோட தலைப்பிரட்டை, மற்ற தலைப்பிரட்டைகளைப் பிடிச்சுத் தின்னும். தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். வேட்டைக்காரன் இரையைக் கண்ணால தேடுறான். இரையோ, தண்ணியில் கரைஞ்சு வர்ற ரசாயன வாசத்தை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடுது. வாசம் வந்தா ஆட்டம் க்ளோஸ், அசையாம அடங்கிடும். அசைஞ்சாத்தானே வில்லன் கண்ணுல படும்?

ஆக, அதுக்குத் தண்ணிதான் எச்சரிக்கை மணி. அந்தத் தண்ணியே கெட்டா? பூச்சிமருந்து கலந்த நீரில் இந்த மோப்பம் குழம்புதுன்னு வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கு.

நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால், 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாதுங்கிறதுதான் நிபந்தனை. நிறமும் உப்பும் மீட்டரில் தெரியும். வாசம் தெரியாத தலைப்பிரட்டையை எந்த மீட்டர் காட்டும்? டெக்ஸ்டைல், கெமிக்கல் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ், புராஜெக்ட்டுக்குத் தலைப்பு ரெடி!