சக்கரத்தின் உள்பக்கம்

சந்தையில் வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம். கத்திரிக்காயில் ஊசிமுனை அளவு துளை தென்பட்டாலும் கூடையிலேயே திரும்பப் போட்டுவிடுகிறோம். இத்தனை கெட்டிக்காரர்களான நாம், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் மோட்டாரின் டயரை மட்டும் எப்படிப் பார்க்கிறோம்? காலால் ஓர் உதை. "காற்று சரியாக இருக்கிறது" என்று ஒரு தீர்ப்பு. வழக்கு முடிந்தது!

ஒரு காரின் பாரம் முழுவதும் தரையைத் தொடுவது நான்கே நான்கு இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலந்தான். நம் உயிரெல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் பழைய கார் வாங்கினார். டயர்கள் நாவற்பழம் போல் மினுமினுத்தன. வயதான தாயாரைக் கும்பகோணம் அழைத்துப் போவதாக ஏற்பாடு. முதல் நாள் மாலை காற்று நிரப்பப் பஞ்சர் கடைக்குப் போனார். நானும் உடன் போனேன். கடைக்காரப் பெரியவர் காற்றுக் குழாயைத் தொடவே இல்லை.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க, சார்" என்றார்.

முன்சக்கரம் திரும்பியது. பெரியவர் குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்துக் காட்டினார். வெளிப்பக்கம் பட்டன்கள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. உள்விளிம்பிலோ ரப்பர் தேய்ந்து, இரும்புக் கம்பி பல்லை இளித்தது. இன்னொரு முன்சக்கரத்திலும் அதே கதைதான்.

சக்கரங்களின் கோணம் பிசகினால் இப்படி ஒரு விளிம்பு மட்டும் தேயும். காற்றுக் குறைவாக ஓடினால் இரண்டு ஓரமும் தேயும். அதிகமானால் நடுப்பகுதி தேயும். பக்கச்சுவர் கொப்புளம் போல் புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள். அதற்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

நண்பர் தளரவில்லை. "ஸ்டெப்னி இருக்கிறதே! தரையையே தொடாதது" என்றார் பெருமையுடன்.

பெரியவர் அதைப் புரட்டி, பக்கத்தில் பதித்திருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2309. அதாவது 2009-ஆம் வருஷம் 23-வது வாரத்தில் பிறந்த டயர். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு மூப்பு உண்டு. மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டிருந்தது.

நண்பருக்குக் கோபம் வந்தது. விற்றவர் மீது வரவேண்டிய கோபம், உண்மை சொன்னவர் மீது வந்தது. உலக வழக்கம் அப்படித்தானே?

"உமக்கு வியாபாரம் ஆக வேண்டும், அவ்வளவுதானே?"

"நான் டயர் விக்கிறதில்லே, சார். அம்மாவை ஏத்திக்கிட்டுப் போறேங்கிறீங்க. இதுக்குக் காத்தடிச்சுக் காசு வாங்க மனசு கேக்கலை."

நண்பர் வாயடைத்துப் போனார்.

நம் நாட்டுச் சட்டப்படி காரின் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளத்தின் நடுவே அங்கங்கே சின்ன மேடு வைத்தே டயரை வார்க்கிறார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இதைப் பார்க்க மாதம் ஒரு முறை பத்து நிமிஷமும், ஒரு டார்ச்சும், கொஞ்சம் குனியும் மனமும் போதும்.

புது டயர்கள் வாங்கி, சக்கரக் கோணமும் சரி செய்ததில் பயணம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று. தாயாரிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார் நண்பர்.

"அதனால் என்னடா? கும்பேசுவரர் எங்கே போய்விடப் போகிறார்? நாம் போய்ச் சேர வேண்டாமா?" என்றாள் கிழவி.