பாண்டியனது பசி

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், சான் டியேகோ நகரில் வாழும் எம் சிற்றன்னையார் இல்லத்தில் யாம் ஆறு வாரம் தங்கியிருந்தோம். கடற்கரையும் கடைவீதியும் கண்ட கதையை எழுதுவோம் என எம் விடுதித் தோழர் எதிர்பார்த்தனர். அவற்றை எழுத வல்லார் பலர் உளர். எம் நெஞ்சை விட்டு அகலாதது ஒரு பாம்பின் பசியைக் குறித்து அங்கு யாம் செய்த பிழையே. ஆதலின் அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சிற்றன்னையாரின் மகன் பன்னிரண்டு வயதினன். அவனது அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டியுள், கரிய மேனியில் வெண்வளையங்கள் பூண்டு, ஒரு முழத்திற்குச் சற்று மேற்பட்ட நீளத்தோடு விளங்கியவன் பாண்டியன். முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்தில் முட்டையினின்றும் வெளிவந்தவன். இவ்வினத்தை ஆங்கிலத்தார் கிங்சினேக் என்பர். அரசப் பாம்பு என நாம் சொல்லலாம். நம் நாட்டு ராஜநாகத்திற்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. இதற்கு நஞ்சும் இல்லை. ஆயினும் பிற பாம்புகளை விழுங்கும் வழக்கம் இரண்டிற்கும் பொது. அந்நாட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பின் கொடுநஞ்சும் இதனை எளிதிற் கொல்வதில்லை. இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் இதன் வலிமையை அளந்த பென்னிங், மூன் என்னும் அறிஞர் இருவர், எலிப்பாம்புகளினும் இது மிகுதியாக இறுக்குகின்றது என 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்துணைப் பெருமையும் எம் கைவிரற் பருமனும் இல்லாத ஓர் உடலில் அடங்கியிருந்தமை எமக்கு வியப்பாயிருந்தது.

யாம் சென்ற மூன்றாம் வாரத்தில் தம்பி தன் பள்ளித் தோழரோடு இரண்டு வார முகாமிற்குப் புறப்பட்டான். பாண்டியனை எம்மிடமே ஒப்புவித்தான். "அண்ணா, வாரத்திற்கு ஒரே ஓர் எலிக்குஞ்சு. அவன் உடலில் எந்த இடம் மிகப் பருத்ததோ, அதற்கு மேல் எலியின் பருமன் இருக்கலாகாது. தின்ற பிறகு இரண்டு நாள் அவனைத் தொடாதீர்கள். சூடு குறையக் கூடாது. தாழ்ப்பாளை மட்டும் மறந்துவிடாதீர்கள்" என்றான். தாழைப்பற்றி அவன் அத்துணை வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள கிரான் கனேரியா என்னும் தீவில் வளர்ப்புப் பெட்டிகளினின்றும் வெளியேறிய இவ்வினப் பாம்புகள் பெருகின. 1998இல் முதலிற் காணப்பட்ட அவை, பரவிய இடங்களிலெல்லாம் அத்தீவிற்கே உரிய பெரும் பல்லியினத்தை ஏறக்குறைய அறவே தின்று தீர்த்தன. தாழை யாம் மறக்கவில்லை. மறந்தவை பிற.

முதற் சனிக்கிழமை, உறைபெட்டியிலிருந்த எலிக்குஞ்சொன்றை வெந்நீரில் இளக்கி, இடுக்கியாற் பற்றி நீட்டினோம். பாண்டியன் முகந்திருப்பிப் பட்டைத் துண்டின் கீழ் நுழைந்துகொண்டான். அவன் மேனி மங்கியிருந்தது. கண்கள் நீலம் பாரித்துப் பால் படர்ந்தாற் போன்றிருந்தன. தோலுரிக்கும் பருவத்துப் பாம்பு அவ்வாறே தோன்றும் என்பதும், அக்காலத்துப் பெரும்பாலும் உணவை மறுக்கும் என்பதும் அன்று எமக்குத் தெரியா. நோய் கொண்டான் என்றே கருதினோம். முகாமிலிருந்த தம்பியிடம் தொலைபேசியும் இல்லை. சிற்றன்னையார், "தின்னாவிட்டால் போகிறது, விடு" என்றார். எமக்கோ உறக்கம் வரவில்லை. விருந்தினன் இலையைத் தள்ளினால் மனம் பதறும் குடியிற் பிறந்தோம் அல்லமோ!

எம் ஊரிற் புற்றுக்குப் பால் வார்ப்பாரைச் சிறுவயதிற் பலமுறை கண்டுள்ளோம். பாம்பு பாலை நாடுவதில்லை. அதற்கு வேண்டுவது நீரே. இதனைக் கற்றறிந்த யாம் அவர்களை எள்ளியதும் உண்டு. அமெரிக்க நாட்டாரும் இவ்வகையில் நம்மினும் மேம்பட்டவரல்லர். கிங்சினேக்கிற்கு நெருங்கிய இனமொன்றை அவர்கள் மில்க்சினேக், அஃதாவது பால்பாம்பு, என வழங்குகின்றனர். தொழுவத்துட் புகுந்து பசுவின் மடியிற் பால் உறிஞ்சும் என முற்காலத்து உழவர் நம்பியதே அப்பெயர்க்குக் காரணம். உண்மையில் அது தொழுவத்து எலிகளைத் தேடியே வந்தது. இத்தனையும் அறிந்திருந்தும், யாம் அடுத்துச் செய்தது புற்றுக்குப் பால் வார்த்தாரின் செயலினும் பேதைமையுடையது.

ஒன்பதாம் நாட் காலையில் முழுத்தோல் ஒன்று பெட்டியிற் கிடந்தது. பாண்டியன் புதுமெருகோடு நாவை நீட்டி நீட்டி உலவினான். எலிக்குஞ்சை நீட்டிய கணமே பாய்ந்து பற்றி, மும்முறை சுற்றி இறுக்கி, தலைப்பக்கமாக விழுங்கினான். விழுங்கியும் அமையாது மூலைதோறும் தேடினான். எலி மணம் படிந்த எம் கட்டைவிரலையும் கவ்வினான்; முள் தைத்தது போன்ற சிறு வலி, அவ்வளவே. எமக்கோ அது பெருமகிழ்ச்சி அளித்தது. பட்டினி கிடந்த பிள்ளை இன்னும் கேட்கின்றான் என எண்ணி, அதனினும் பெரியதோர் எலியை நீட்டினோம். அதனையும் அரிதின் முயன்று விழுங்கினான்.

அம்மட்டோடு நின்றோமில்லை. அன்று மாலையே அவனைக் கையிலெடுத்து, ஊரிலுள்ள எம் பாட்டியார்க்குத் தொலைபேசிப் படத்திற் காட்டினோம். உண்ட களைப்புத் தீரக் குளிர்ச்சி நன்றென்று பெட்டியின் சூட்டுத்தகட்டையும் நிறுத்தினோம். திருநெல்வேலி வெயிலில் வளர்ந்த எமக்குச் சூடு ஒரு துன்பமாகவன்றி வேறொன்றாகத் தோன்றவில்லை. அந்நகரிலோ ஜூன் மாதத்திற் கடல் மூட்டம் படர்ந்து, காலைப்பொழுது முழுதும் கதிரவன் தோன்றாத நாட்கள் பல உண்டு.

மூன்றாம் நாள் அறையுள் நுழைந்தபோதே நாற்றம் எதிர்கொண்டது. இரண்டு எலிகளும் பாதி சிதைந்தபடி வெளியே கிடந்தன. பாண்டியன் நீர்க்கிண்ணத்தருகே அசைவின்றிச் சுருண்டிருந்தான். பாம்பின் உடல் தன் வெம்மையைத் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. புறச்சூடு குறைந்தால் செரிப்பு நின்று, உண்டது வயிற்றிலேயே அழுகும். அதனாற் கக்கிவிட்டான். கக்குகின்ற பாம்பு எலியை மட்டும் இழப்பதில்லை. செரிப்பு நீரையும் இழந்து, உணவுக்குழலும் புண்படுகின்றது. இளம் பாம்பு அடுத்தடுத்துக் கக்குமாயின் இறத்தலும் உண்டு.

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். நடந்ததை ஒளியாது உரைத்தோம். அவன் பாண்டியனைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தான். முகாமிற்குச் செல்லுமுன் 42 கிராம், அன்று 37. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, "அவன் பசிக்கிறது என்று உங்களிடம் சொன்னானா அண்ணா?" என்றான். கடிந்து பேசியிருப்பின் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

அதன்பின் பன்னிரண்டு நாள் உணவு இல்லை. நீரும் சூடும் மட்டுமே. அந்நாட்களிற் பாண்டியன் மாலைதோறும் கண்ணாடியோரம் ஊர்ந்து தேடுவதைக் கண்டு யாம் கலங்கும்போதெல்லாம் தம்பி விளக்கினான். எலியின் மணம் காற்றில் இருந்தாற் போதும், வயிறு நிறைந்திருப்பினும் இப்பாம்பு பாயும். அடுத்த இரை என்று வாய்க்குமோ என்னும் காட்டில், கிடைத்ததை விடாது பற்றியவையே பிழைத்தன. அவ்வேட்கை வேறு, உடலின் தேவை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டியவன் வளர்ப்பவனே, பாம்பு பிரித்தறியாது. சில வேளைகளில் தன் வாலையே இரையெனக் கவ்வி விழுங்கத் தொடங்கும் கிங்சினேக்குகளும் உண்டாம். இதனைக் கேட்டபின் எம் கட்டைவிரலைக் குறித்து யாம் கொண்டிருந்த பெருமிதம் குறைந்தது.

அந்நாட்களுள் ஒன்றில் நகரத்து விலங்குக் காட்சிசாலைக்குச் சென்றோம். அங்குப் பாம்புகளுக்கு ஆலோசகராயிருந்த லாரன்ஸ் கிளாபர் தொழிலால் மின்பொறியாளர். வளையமுடைய கிங்சினேக்கும் நெடுங்கோடுடைய கிங்சினேக்கும் வெவ்வேறு இனம் எனக் கருதப்பட்ட காலத்தில், இரண்டும் ஒரே தாயிட்ட முட்டைகளிலிருந்து பொரிப்பதை 1930களில் அவர் மெய்ப்பித்தார். உடன்பிறந்த அக்குஞ்சுகளையும் ஒரே பெட்டியில் வைத்தல் ஆகாதென்றான் தம்பி. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுமாம்.

யாம் ஊர் திரும்பும் நாளுக்கு முன்னாள் இரவு அந்தப் பன்னிரண்டு நாளும் நிறைந்தன. தம்பி மிகச் சிறிய, மயிர் முளையாத எலிக்குஞ்சொன்றைத் தேர்ந்தெடுத்து, இடுக்கியை எம் கையிற் கொடுத்தான். வேண்டாமென மறுத்தோம். "நீங்களே கொடுங்கள் அண்ணா" என்றான். பாண்டியன் மெல்ல வந்து, நாவால் இருமுறை தடவிப் பார்த்து, பற்றி விழுங்கினான். பின்னர் முன்போலவே மூலைகளில் தேடினான். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினோம்.

உண்டது தங்குமோ என்பது இரண்டு மூன்று நாட் சென்றே தெரியும். யாமோ மறுநாளே வானூர்தி ஏறவேண்டியிருந்தது. விடுதிக்குத் திரும்பிய மறுநாள் தம்பியிடமிருந்து தொலைபேசியில் ஒரு படம் வந்தது. தராசின் மேற் பாண்டியன் சுருண்டிருந்தான், எண் 38. அதன் கீழே, "கக்கவில்லை" என்று தமிழிலேயே எழுதியிருந்தான்.