கையொப்பத்திற்கு முன்

ஒரு பொருளுக்கு விலை பேசி முடிப்பது ஒரு செயல். அதை நம்முடையது என்று கையேற்பது வேறொரு செயல். இவ்விரண்டிற்கும் நடுவே மிகக் குறுகிய ஒரு வேளை உண்டு. அந்த வேளையில் பொருள் இன்னும் விற்பவருடையது. பணத்தின் பெரும்பகுதி இன்னும் வாங்குபவருடையது. உண்மையை அறிவதும் அறிவிப்பதும் இருவருக்குமே எளிதாக இருக்கும் வேளை அது. நம்மில் பலர் அதைப் புன்னகையோடும் அவசரத்தோடும் கடந்துவிடுகிறோம். அந்த வேளையை எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதை, நான் பணியாற்றிவரும் அமெரிக்க ஊரில் முதிய தம்பதியர் இருவரிடம் கண்டேன்.

அவர்கள் வாங்கியது ஒரு 'கேம்பர்'. நம் ஊரில் இதனைக் காண்பது அரிது. சக்கரங்களின்மேல் நிற்கும் சிறு வீடு என்று சொல்லலாம். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, குளிக்குமிடம் யாவும் ஏறத்தாழ 25 அடி நீளத்திற்குள் அடங்கியிருக்கும். இதனைப் பிக்-அப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்வார்கள். வட அமெரிக்காவில் விற்கப்படும் இவ்வகை வண்டிகளில் மிகப் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே உருவாகிறது. கொரோனா பெருந்தொற்றின்போது விமானத்தையும் விடுதியையும் தவிர்க்க விரும்பிய மக்கள் இவற்றை நாடியதால், 2021ஆம் ஆண்டில் மட்டும் 6 லட்சத்திற்கும் அதிகமான வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்தன. 2023இல் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சமாகக் குறைந்தது.

அத்தொழிற்சாலைகள் பலவற்றில் முடிக்கும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தருகிறார்கள். விரைந்து முடித்தவர் விரைந்து வீடு திரும்பலாம். மரச்சட்டம், மெல்லிய தகடு, பிளாஸ்டிக் குழாய், மின்கம்பி ஆகியவற்றைப் பல கைகள் வேகமாக இணைக்கின்றன. பின்பு அந்த வீடு நூற்றுக்கணக்கான மைல் சாலையில் குலுங்கி விற்பனை நிலையத்தை அடைகிறது. எனவே புதியது என்பதாலேயே அது குறையற்றது என்று கொள்ள இயலாது. விவரம் அறிந்தவர்கள் கையேற்கும் முன் வண்டியை முழுமையாகச் சோதிப்பதற்கென்றே அரைநாளோ ஒரு நாளோ ஒதுக்குகிறார்கள்.

நான் சொல்லும் தம்பதியருள் கணவர் 34 ஆண்டுகள் அஞ்சல் பணியாளராக வீடு வீடாகக் கடிதம் சுமந்தவர். மனைவி பள்ளியொன்றில் செவிலியாக இருந்தவர். முந்தைய ஆண்டில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தொலைவான மாநிலங்களில் வாழும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தம் வண்டியிலேயே சென்று காண வேண்டும், வழியில் இருவரும் சேர்ந்து கடற்கரைகளைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் ஆசை. "இன்னும் எத்தனை கோடைக்காலம் என் கை ஸ்டியரிங்கைப் பிடிக்கும் என்று தெரியவில்லை, ஃபாதர்" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். வண்டியின் விலை ஏறத்தாழ 40,000 டாலர். அவர்களது சேமிப்பில் அது பெரும்பங்கு. ஆனால் பணத்தைவிடவும் அவர்களிடம் குறைவாக இருந்தது காலம்.

வண்டிகளைப் பற்றி நான் அறிந்தவன் என்பதற்காக அவர்கள் என்னை அழைக்கவில்லை. அம்மையார் ஏழு பக்கங்களில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். அதை ஒவ்வொன்றாக வாசித்துக் குறியிட ஓர் ஆள் தேவைப்பட்டது. மருத்துவர் தடுத்திருந்தமையால் கணவர் ஏணியில் ஏறலாகாது. ஆகவே கூரையைப் பார்க்கும் வேலையும் என்னுடையதாயிற்று.

விற்பனை நிலையத்தின் வாயிலில் கணவர் சற்றே தயங்கினார். விற்பனையாளர் இனிமையான மனிதர்; பேரப்பிள்ளைகளின் பெயர்களைக்கூட நினைவில் வைத்திருந்து நலம் விசாரித்தார். "இவ்வளவு அன்பாக நடந்துகொள்பவர் முன்னால் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் துழாவினால், அவரைச் சந்தேகிப்பது போல ஆகாதா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். மனைவி உடனே பதில் சொன்னார்: "முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்காக எந்தத் தாயும் என்மேல் வருத்தப்பட்டதில்லை. பார்க்காமல் விட்டிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பாள்."

சோதனை தொடங்கியது. மன்றாட்டுமாலை சொல்வதுபோல் நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன்; அவர்கள் பார்த்துவிட்டுச் "சரி" என்றார்கள். முதலாவதாக, வண்டியின் சட்டத்தில் பொறிக்கப்பட்ட எண்ணும் விற்பனைத் தாளிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தோம். அடுத்து டயர்கள். அந்நாட்டு டயரின் பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 1823 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். வண்டி புதிதாக இருந்தும் டயர் பழையதாக இருக்கக்கூடும். சக்கர நட்டுகள் உரிய அளவுக்கு முறுக்கப்பட்டுள்ளனவா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும். பயணத்தின் முதல் 50 மைல்களுக்குள் மீண்டும் பார்க்க வேண்டும்.

வாசலருகே ஒட்டப்பட்டிருந்த மஞ்சள் சீட்டை அம்மையார் இருமுறை படித்தார். வண்டி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை அது சொல்கிறது. ஒரு காலன் தண்ணீரின் எடை 8 பவுண்டுக்குச் சற்று மேல். 40 காலன் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். பாத்திரமும் துணியும் வைப்பதற்கு முன்பே தண்ணீர் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று கணவர் சிரித்தார்.

நான் கூரையின்மேல் முழந்தாளிட்டு விளிம்பெங்கும் பார்த்தேன். இவ்வகை வண்டிக்கு முதல் பகை நீர்தான். கூரையில் காற்றுப்போக்கிகளைச் சுற்றியும் விளிம்புப் பட்டைகளிலும் இறுக்கப்பட்ட திருகாணிகளின் தலைகள் யாவும் பசைப்பூச்சால் மூடப்பட்டிருக்க வேண்டும். மூன்று திருகாணிகள் மூடப்படாமல் பளபளத்தன. அதனை எழுதிக்கொண்டோம்.

உள்ளே, தரையெங்கும் மெதுவாக நடந்து எங்கேனும் பலகை அமுங்குகிறதா என்று பார்த்தோம். பக்கவாட்டில் வெளியே நீளும் அறையை மும்முறை நீட்டி மடக்கினோம். எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவி தரையருகே பொருத்தப்பட்டிருந்தது. புரோப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தங்கும். கருவியின் ஆயுட்காலமும் அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அடுப்பின் நான்கு தீக்கண்களையும் ஏற்றினோம். அறையைச் சூடாக்கும் கருவியை இயக்கினோம். வெந்நீர்க் கலத்தில் தண்ணீர் நிரம்பிய பிறகே அதற்கு மின்சாரம் கொடுத்தோம். வெறுங்கலமாக இருக்கையில் கொடுத்தால் அதன் மின்கம்பிச் சுருள் கருகிவிடும்.

இறுதியாக நீர்க்குழாய்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து மூடிவிட்டு, பம்ப்பை மட்டும் இயக்கத்தில் வைத்து, மூவரும் பேசாமல் அமர்ந்தோம். குழாய்கள் யாவும் மூடியிருந்தால், அழுத்தம் நிறைந்ததும் பம்ப் நின்றுவிட வேண்டும், பின்பு ஒலிக்கக்கூடாது. அது நின்றது. இரண்டு நிமிடம் கழிந்திருக்கும். 'டர்' என்று ஒருகணம் ஒலித்து மீண்டும் நின்றது. சற்று நேரத்தில் மறுபடியும் ஒலித்தது. எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அம்மையார் கழிவறையின் பின்புறம் கையை நுழைத்துத் தடவினார். விரல்நுனி ஈரமாக வெளிவந்தது.

எங்கள் கையில் விற்பனை நிலையத்தின் சோதனைத் தாளும் இருந்தது. வண்டியை ஒப்படைக்கும் முன் தாங்களே எல்லாவற்றையும் சோதித்ததாக அது சான்று கூறியது. 'நீர் அமைப்பு' என்ற வரியின் எதிரேயும் குறியிடப்பட்டிருந்தது. எல்லாக் கட்டங்களிலும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே வேகத்தில் போட்ட குறிகள். ஒருவர் அமர்ந்த இடத்திலிருந்தே போட்டவை போலத் தோன்றின.

விற்பனையாளர் வருத்தம் தெரிவித்தார். அது உண்மையான வருத்தமே என்று நம்புகிறேன். ஆயினும் அன்று மாதத்தின் கடைசி நாள். "சிறு கசிவுதானே? ஓராண்டு உத்தரவாதம் இருக்கிறது. இன்று கையொப்பமிட்டு எடுத்துச் செல்லுங்கள். பிறகு கொண்டுவந்தால் சரிசெய்து தருகிறோம்" என்றார்.

இச்சொல் நியாயமாகவே ஒலித்தது. ஆனால் வண்டி கையேற்கப்பட்ட பின் நிலைமை வேறு. உத்தரவாதத்தின்கீழ் பழுது பார்ப்பதற்குக் கோடையில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். எழுத்துவழி உத்தரவாதங்களை முறைப்படுத்த 1975ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம் அந்நாட்டில் உண்டு. எனினும் அதன் துணையை நாடுவோர் வழக்கறிஞரையும் நாட வேண்டிவரும். தீராத குறையுள்ள வாகனத்தை அமெரிக்கர் 'எலுமிச்சை' என்பர். அவ்வாறான வாகனத்தை வாங்கியவரைக் காக்கும் மாநிலச் சட்டங்கள் பலவற்றில், இழுத்துச் செல்லும் கேம்பருக்கு இடமில்லை. மாதக் கடைசி விற்பவருக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இவர்களுக்கு அந்தக் கோடை.

அதுவரை கூச்சத்தோடு நின்ற கணவரே இப்போது பேசினார். "இந்தத் தாளில், வண்டியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறது. நான் கண்டதோ வேறு. காணாததைக் கண்டதாக என்னால் கையொப்பமிட முடியாது. நீங்கள் சரிசெய்யுங்கள், நான் மீண்டும் வந்து பார்த்துவிட்டுக் கையொப்பமிடுகிறேன்." குரலில் சினம் இல்லை. ஐயம்கூட இல்லை. தவறான முகவரிக்கு வந்த கடிதத்தைத் திருப்பித் தரும் அஞ்சல்காரரின் நிதானம் இருந்தது.

பழுது பார்க்கும் தொழிலாளி வரவழைக்கப்பட்டார். பின்பலகையைக் கழற்றியபோது, பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று மரை கோணலாக ஏறி நின்றது தெரிந்தது. அடியிலிருந்த தரைப்பலகையில் உள்ளங்கை அளவு ஈரம் ஊறியிருந்தது. அவர் முகத்தில் எரிச்சலை எதிர்பார்த்தேன்; கண்டது நிம்மதியை. எங்களுக்கு மட்டும் கேட்கும்படி அவர் சொன்னார்: "நீங்கள் கண்டுபிடித்தது நல்லதாயிற்று. யாராவது எழுதிக் கொடுத்தால்தான் இதைப் பார்க்க எனக்கு நேரம் தருவார்கள்."

அச்சொல் என் உள்ளத்தில் ஆழமாகத் தைத்தது. சோதித்துப் பார்ப்பது நேர்மையற்றவர்களுக்கு எதிரான தற்காப்பு என்றே பொதுவாக எண்ணுகிறோம். அது நேர்மையாக உழைக்க விரும்புவோருக்கு நாம் அளிக்கும் துணை என்பதை அத்தொழிலாளி உணர்த்தினார். பார்க்காமல் பெற்றுக்கொள்ளும் ஒவ்வொருவரும், பார்க்காமல் செய்து அனுப்புவதற்கு ஊக்கம் தருகிறார்கள். அமர்ந்த இடத்திலிருந்து குறியிட்ட அந்தக் கைக்கு, பெற்றவர் எவரும் சரிபார்க்க மாட்டார் என்ற பழக்கமே துணிவு தந்திருக்க வேண்டும். நல்ல தொழிலாளிக்கு நேரம் கிடைக்காததும் அப்பழக்கத்தினால்தான். இன்று நாம் கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியின் சுமை, நமக்குப் பின் வரும் முகமறியா ஒருவரின் தலைமேல் இறங்குகிறது.

நம் மரபு இதை அறியாததன்று. சந்தையில் மண்பானை வாங்கும் பெண் அதைச் சுண்டி ஓசை கேளாமல் வாங்குவதில்லை. எந்தக் குயவரும் அதற்காக முகம் சுளிப்பதில்லை. நன்கு வெந்த பானையின் ஓசை அவருக்கும் பெருமைதானே! நம் கோவில்களில் திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிக்கிறோம். தடை ஏதேனும் அறிந்தவர் சொல்லலாம் என்று ஊரறியக் கேட்கிறோம். மணமக்களை நம்பாததால் கேட்பதில்லை. அவர்கள் கொடுக்கப்போகும் வாக்கு வாழ்நாள் முழுவதும் சுமை தாங்க வேண்டியது என்பதால் கேட்கிறோம். கேள்வியைத் தாங்காத நம்பிக்கை, பின்னர் வரும் பாரத்தையும் தாங்காது.

பன்னிரண்டு நாள்களுக்குப் பின் இருவரும் மீண்டும் அந்நிலையத்திற்குச் சென்றார்கள். ஈரம் ஊறிய பலகை மாற்றப்பட்டிருந்தது. கூரைத் திருகாணிகள் மூடப்பட்டிருந்தன. பம்ப்பை இயக்கிவிட்டு அரைமணி நேரம் அமைதியாக அமர்ந்திருந்தார்களாம், அது ஒலிக்கவேயில்லை. அதன் பின்னரே கணவர் கையொப்பமிட்டார். பழுது பார்த்த தொழிலாளிக்கு அம்மையார் வீட்டில் சுட்ட ஆப்பிள் பணியாரம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

வாசக அன்பர்களே, கேம்பர் வாங்கும் வாய்ப்பு நம்மில் பலருக்கு வராமற்போகலாம். ஆனால் கையொப்பமிடும் வேளைகள் எல்லோருக்கும் வருகின்றன. நிலப் பத்திரம், வீட்டுக் கடன், மருத்துவமனையின் ஒப்புதல் தாள், கட்டி முடித்த வீட்டின் சாவி என்று எத்தனையோ. 'பெரிய மனிதர் நீட்டுகிறார், வாசித்துக்கொண்டு நிற்பது மரியாதையன்று' என்று நினைத்து எத்தனை ஏழைகள் தங்கள் காணியை இழந்திருக்கிறார்கள்! கையொப்பம் என்பது வெறும் எழுத்தன்று. நான் கண்டேன், அறிந்தேன், ஏற்றேன் என்று ஒரு மனிதர் தம் பெயரால் கூறும் சான்று. அதைக் கூறும் முன் ஒரு டார்ச் விளக்கும், ஒரு பட்டியலும், பேசாமல் உற்றுக் கேட்க இரண்டு நிமிடமும் நமக்கு உரிமையானவை. எதிரே இருப்பவர் நல்லவராயின் மகிழ்வோடு காத்திருப்பார்.