வாக்குப் போடாத சனங்களுக்காக

ஊர்காவற்றுறை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தொலைபேசியில் கதைத்தால் பாதி மறந்துபோகும் என்று எழுதி அனுப்பினாயே, உன் பெரியப்பாவான எனக்கு அது பெரிய சந்தோசம். உன் அப்பாவும் வாசித்தான். வகுப்புக்குப் போகும் வழியில் ருஸ்தவேலி வீதியில் பாராளுமன்றத்தைத் தாண்டிப் போகிறாய் என்றதும், 2024 நவம்பரிலிருந்து அங்கே இரவு இரவாகச் சனம் கூடுகிறது என்றதும் அவனுக்குப் பயத்தைக் கொடுத்துவிட்டது. நான்தான் ஆற்றினேன்.

ஜோர்ஜியாவின் முதல் ஜனாதிபதி கம்சக்குர்தியாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1991 மே மாதம் 86 வீதம் வாக்கு வாங்கிய மனிதரை டிசெம்பரில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் வைத்துச் சொந்தப் படையே சுட்டது எப்படி, எங்கள் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தார்களா என்று. நீ திபிலிசிக்குப் போன நாளிலிருந்து அந்த நாட்டைப் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். அதனால் இதற்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியாது.

சுவியாட் கம்சக்குர்தியா லேசான ஆள் இல்லை. தகப்பன் பெரிய நாவலாசிரியர். இவர் மொழியியல் படித்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். ஆங்கில, பிரெஞ்சு இலக்கியங்களை ஜோர்ஜிய மொழிக்குக் கொண்டுவந்தவர். சோவியத் ஆட்சி இறுகிக் கிடந்த காலத்தில் மனித உரிமைக் குழு அமைத்து 1977 இல் சிறைக்குப் போனவர். 1989 ஏப்ரல் 9 ஆம் திகதி நீ நடக்கும் அதே வீதியில் சோவியத் படை இருபது பேரளவில் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சரியாக இரண்டு வருசம் கழித்து, 1991 இல் அதே நாளில் சுதந்திரப் பிரகடனம். மே 26 இல் ஜனாதிபதி. அந்த வருசம் டிசெம்பர் 22 இல் தேசியக் காவற்படையின் தளபதியாக இருந்தவரும், பிரதமராக இருந்தவரும் அவருக்கெதிராகவே ஆயுதத்தோடு வந்தார்கள். கட்டடத்தின் நிலவறைக்குள் இரண்டு கிழமை இருந்துவிட்டு ஜனவரி 6 இல் ஆர்மேனியாவுக்குத் தப்பினார். பிறகு செச்சினியா. 1993 இல் திரும்பி வந்து போரிட்டு, அந்த வருசத்தின் கடைசி நாளில் ஒரு கிராமத்தில் குண்டுக் காயத்தோடு செத்துக்கிடந்தார். சுட்டார்களா, தானே சுட்டுக்கொண்டாரா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

இதையெல்லாம் நீ அங்கே கேட்டிருப்பாய். சிலர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றை எழுதுகிறேன். 1990 டிசெம்பரில், அவர் தலைமை தாங்கிய சபை தென் ஒசெத்தியாவின் தன்னாட்சியை ரத்துச் செய்தது. அடுத்த மாதமே அங்கே சண்டை. ஒசெத்தியர் அவருக்கு வாக்குப் போடும் சனம் இல்லை. ஜோர்ஜிய மொழிக்காகவும் ஜோர்ஜிய மண்ணுக்காகவும் சிறைக்குப் போன மனிதருக்கு, அதே மண்ணில் வேறு மொழி பேசிக்கொண்டிருந்தவர்களை விருந்தாளிகளாகவே பார்க்க முடிந்தது. அவரை வீழ்த்தியது துப்பாக்கி வைத்திருந்த கூட்டாளிகள்தான். ஆனால் என் தீர்ப்பில் அவர் விழுந்தது அதற்கு ஒரு வருசம் முந்தியே.

இனி எங்கள் ஊர். உன் அப்பாவுக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. கரம்பனில் பிறந்தவர் வை. நவரத்தினம். தனிநாயகம் அடிகளும் அதே கரம்பன்தான், மூன்று வருசம் இளையவர். இந்தச் சின்னத் தீவின் ஒரு மூலைக் கிராமத்தில் 1910 இல் ஒருவரும் 1913 இல் ஒருவருமாகப் பிறந்து, ஒருவர் தமிழை உலகத்துக்குக் கொண்டுபோனார், மற்றவர் தமிழருக்கு ஒரு நாடு வேண்டும் என்று தேர்தலில் நின்றார். நவரத்தினம் பிரக்கிராசியார். 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கிய காலத்திலிருந்தே தலைவர் செல்வநாயகத்தோடு இருந்தவர். கட்சியின் தங்க மூளை என்று அவரைச் சொல்வார்கள். சட்டத்தின் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்க்கும் மனிதர். 1957 யூலை 26 இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அந்தப் பேச்சில் செல்வநாயகத்தின் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர். அந்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது 1958 ஏப்ரல் 9 இல். உன் திபிலிசிக்கும் எங்களுக்கும் அந்தத் திகதியில் ஒரு காயம் இருக்கிறது. அடுத்த மாதமே இனக்கலவரம், அவசரகாலச் சட்டம். 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம், தமிழரசுத் தபாற்சேவை, பிறகு இராணுவம், பனாகொடைத் தடுப்பு முகாம். கட்சியின் எம்.பி.க்கள் கச்சேரி வாசலில் அடிவாங்கிய காலம் அது.

எங்கள் தொகுதி எம்.பி. வி. ஏ. கந்தையா காலமாக, 1963 இடைத்தேர்தலில் நவரத்தினம் வந்தார். 1965 இலும் வென்றார். அந்த வருசம் கட்சி பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு ஒப்பந்தம் செய்து அரசாங்கத்தில் சேர்ந்தது. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். சனம் நம்பியது. மாவட்ட சபை வரும், காணி அதிகாரம் வரும் என்று காத்திருந்தார்கள்.

1968 இல் அரசாங்கம் ஆட்களைப் பதிவு செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தது. நீயும் நானும் இன்று சட்டைப் பையில் வைத்திருக்கும் அடையாள அட்டைக்குத் தாய்ச் சட்டம் அது. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் பிழை தெரியாது. ஆனால் அன்றைய நிலைமையை யோசித்துப் பார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்துவிட்டது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அவர்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்படி நாடில்லாமல் நின்ற மனிதன் பொலிஸ்காரனுக்கு முன்னால் அட்டையைக் காட்டு என்று நிறுத்தப்பட்டால் என்ன நடக்கும்? கள்ளத்தோணி என்ற பெயரோடு பிடித்துக்கொண்டு போவார்கள். நவரத்தினம் இதைக் கண்டார், எதிர்த்தார். கட்சி அரசாங்கத்தின் பக்கம் நிற்கச் சொன்னது. அவர் மறுத்தார். கட்சி அவரை வெளியேற்றியது.

நான் இங்கே கொஞ்சம் நின்று எழுதவேண்டும், மகள். அவர் எதிர்த்ததால் ஊர்காவற்றுறையில் ஒரு குடும்பத்துக்கும் ஒரு சதம் நன்மை இல்லை. வேலணைக்கு றோட்டு வராது, நாரந்தனைக்குக் கிணறு வராது. தோட்டத்துச் சனத்தில் ஒருவருக்கும் எங்கள் தொகுதியில் வாக்கில்லை, பெரும்பாலானோருக்கு எங்குமே வாக்கில்லை. அவர்களுக்காக ஒரு தீவுப்பகுதி எம்.பி. தன் கட்சியையும், தான் இருபது வருசமாகக் கட்டிய இடத்தையும் இழந்தார். அதைவிட, அவருடைய கட்சி பிறந்ததே அந்தச் சனத்தின் குடியுரிமைக்காகத்தான். செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வந்தது அந்தக் கேள்வியில். பத்தொன்பது வருசத்தில் கட்சி அதை ஓரமாக வைக்கப் பார்த்தபோது ஞாபகப்படுத்தியவர் இவர். கடைசியில் கட்சியே அரசாங்கத்தை விட்டு வெளியே வரவேண்டியதாயிற்று. மாவட்ட சபையும் வரவில்லை.

பிறகு தமிழர் சுயாட்சிக் கழகம் தொடங்கினார். சமஷ்டி போதும் என்று எல்லோரும் சொன்ன காலத்தில் தனிநாடு என்று வெளிப்படையாகக் கேட்டு 1970 தேர்தலில் நின்றார். அவருக்கெதிராகத் தமிழரசுக் கட்சி நிறுத்தியது பண்டிதர் கா. பொ. இரத்தினத்தை. 1965 இல் கிளிநொச்சியில் வென்றவர், திருக்குறளைச் சனத்துக்குள் கொண்டுபோனவர், மேடையில் தமிழ் அருவியாய்க் கொட்டும் மனிதர். எங்கள் சனம் பண்டிதருக்குப் போட்டது. நவரத்தினம் தோற்றார். பிரிவினை கேட்பவர்களுக்கு வாக்கில்லை என்று தமிழ்க் கட்சிகளே சொல்லித் திரிந்த தேர்தல் அது. ஆறு வருசத்தில், 1976 மே 14 இல், வட்டுக்கோட்டையில் அதே கோரிக்கையைத் தீர்மானமாக்கினார்கள். 1977 இல் பண்டிதரும் அதே கோரிக்கையோடுதான் எங்கள் தொகுதியில் வென்றார். 1983 ஓகஸ்டில் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்து, பிரிவினைக்கெதிராகச் சத்தியம் செய்யமாட்டோம் என்று நின்ற எம்.பி.க்களோடு அவருடைய ஆசனமும் போனது. ஊர்காவற்றுறை தனித் தொகுதியாகத் தெரிந்தெடுத்த கடைசி எம்.பி. அவர். பிறகு விகிதாசார முறை வந்து எங்கள் தொகுதியை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கரைத்துவிட்டது. 1994 தேர்தலில் படையின் கையிலிருந்த தீவுப்பகுதியின் சில ஆயிரம் வாக்குகளை வைத்து முழு மாவட்டத்துக்கும் எம்.பி.க்கள் போனதை நீ வளர்ந்த காலத்துக் கதையில் கேட்டிருப்பாய். அதை எழுதிக்கொண்டிருந்தால் கடிதம் முடியாது.

தோற்ற நவரத்தினம் துப்பாக்கி தேடவில்லை, முன்னாள் நண்பர்களை வீதியில் மறித்துத் துரோகி என்று அடிக்கச் சொல்லவும் இல்லை. எழுதினார். விடுதலை என்ற பத்திரிகையில் லியோன் யூரிஸின் எக்ஸோடஸ் நாவலைத் தமிழில் நமக்கென்றொரு நாடு என்று தொடராகக் கொண்டுவந்தார். உன் கம்சக்குர்தியாவும் மொழிபெயர்ப்பாளர், இவரும் மொழிபெயர்ப்பாளர். நீ கேட்ட கேள்வியை வாசித்தவுடன் எனக்கு முதலில் வந்த நினைவு இதுதான். அந்தத் தொடரை வாசித்த இளம் ஆட்கள் பலர் பிறகு எந்தப் பாதையில் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் அவர்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மறைத்து எழுத மாட்டேன். நாடில்லாமல் அலைந்த யூதர்கள் நாடு கட்டிய கதை எங்கள் வயதுக்காரரின் நெஞ்சில் தீயாய்ப் பற்றியது. ஆனால் அந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருந்த பாலஸ்தீனர் அந்தக் கதையில் மனிதராகத் தெரிய மாட்டார்கள். அதை வாசித்த நாங்கள், நமக்கென்றொரு நாட்டில் நம்மைப்போல் இல்லாத அயலவனுக்கு என்ன இடம் என்று கேட்காமலே வளர்ந்தோம். 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினார்கள். காலங்காலமாக எங்களோடு வாங்கி விற்ற சனம். புலிகள் செய்தார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லி அந்தப் பாரத்தை இறக்கி வைக்க என்னால் முடியவில்லை. அந்த மாதம் மலையகத் தமிழனுக்காக 1968 இல் எழுந்த குரலைப் போல ஒரு குரல் யாழ்ப்பாணத்தில் உரத்துக் கேட்டிருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நவரத்தினம் கடைசிக் காலத்தில் கனடாவில் இருந்தார். சோவியத் ஒன்றியம் உடைந்த அதே 1991 இல் தமிழ்த் தேசத்தின் வீழ்ச்சியையும் எழுச்சியையும் பற்றித் தன் ஆங்கில நூலை வெளியிட்டார். 2006 டிசெம்பரில் அங்கேயே காலமானார். அவருக்கு 96 வயது. மலையகத் தமிழரில் நாடில்லாமல் மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003 இல். அதைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் போனார் என்பது எனக்கு ஆறுதல்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: கம்சக்குர்தியாவைப் போல உயர்ந்து விழுந்த ஒருவர் எங்கள் ஊரில் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு எங்களை யார் விட்டார்கள்? ஆனால் கலவர காலத்து அரசியல்வாதியை எடைபோட என்னிடம் உள்ள படிக்கல் ஒன்றுதான். தனக்கு வாக்குப் போடாத சனத்துக்கு அவன் என்ன செய்தான்? 86 வீதம் வாங்கியவர் அதில் குறைந்து போனார். சொந்தத் தொகுதியிலேயே தோற்ற எங்கள் கரம்பன்காரர் 1968 என்ற அந்த ஒரு வருசத்தில் நிறைந்து நின்றார். நீ அங்கே இப்போது மேடையில் பேசுகிறவர்களையும் ஆட்சியில் இருக்கிறவர்களையும் அந்தக் கல்லில் வைத்துப் பார். யார் பக்கம் சரி என்று இங்கிருந்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்துக்குள் போகாதே. நீ மாணவர் விசாவில் இருக்கிறாய், பிடிபட்டால் உனக்காகப் பேச அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை. இதில் பெரியப்பா கண்டிப்பாகத்தான் சொல்கிறேன்.

இன்னுமொன்றும் கேட்கிறேன். நீ படித்து முடித்து வந்து, இங்கே பதிவுப் பரீட்சையும் எழுதி டொக்டரானதும், முதல் நியமனம் ஹற்றன் பக்கமோ பதுளைப் பக்கமோ ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் விழலாம். குளிர், தூரம், தெரிந்த ஆட்கள் இல்லை என்று எல்லோரும் மாற்றம் எழுதச் சொல்வார்கள், உன் அப்பாதான் முதலில் சொல்லுவான். எழுதாதே. இரண்டு வருசமாவது அங்கே நின்று அந்தச் சனத்துக்கு வைத்தியம் செய்துவிட்டு வா.

அன்புடன்,
பெரியப்பா