முந்நூற்றுப் பதினெட்டுப் பேரைத் தேடி

ஆதியாகமம் பதினான்காம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. கிழக்கேயிருந்து நான்கு ராஜாக்கள் படையெடுத்து வந்து சோதோமைக் கொள்ளையடிக்கிறார்கள். அங்கே குடியிருந்த லோத்துவையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். செய்தி, பின்னாளில் ஆபிரகாம் என்று பெயர் மாறிய ஆபிராமுக்கு எட்டுகிறது. தன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த ஆட்களைத் திரட்டிக்கொண்டு தாண் வரை துரத்திப் போய், இரவோடு இரவாக அடித்து, சகோதரன் மகனான லோத்துவை மீட்டு வருகிறார். திரட்டிய ஆட்கள் 318 பேர்.

பல தடவை இந்த அதிகாரத்தை வாசித்தவன் நான். அந்த எண்ணில் என் கண் ஒருநாளும் நின்றதில்லை. 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷியின் உரையைப் புரட்டியபோதுதான் நின்றது. யூதர்கள், ஆதியாகமம் தொடங்கி ஐந்து நூல்கள் அடங்கிய தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து ஓர் ஆண்டில் வாசித்து முடிப்பார்கள். அந்தப் பகுதிக்குப் பராஷா என்று பெயர். இந்தச் சண்டை வருவது 'லெக் லெகா' என்ற மூன்றாம் பராஷாவில். அதற்கு ராஷி எழுதிய உரையில், போருக்குப் போனது எலியேசர் என்ற ஒரே ஒரு வேலையாள்தான், 318 என்பது அவர் பெயரின் கூட்டுத்தொகை என்று முன்னோர் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது.

எபிரேயத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். எலியேசர் என்ற பெயருக்கு ஆறு எழுத்து. ஆலெஃப் 1, லாமெத் 30, யோத் 10, ஆயின் 70, ஸாயின் 7, ரேஷ் 200. சரியாக 318. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. போதாததற்கு, இதே எலியேசரை ஆபிராம் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அடுத்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில். உடம்பு சிலிர்த்தது என்றே சொல்ல வேண்டும். எழுதியவர் உள்ளே ஒன்றைப் புதைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று தோன்றும்போது யாருக்கும் சிலிர்க்கும். உண்மையிலேயே புதைத்தாரா என்று தெரிந்துகொள்ளாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ராஷி சொன்ன முன்னோர் யார்? யூத ரபிகளின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் நெதாரிம் என்ற நூலின் 32-ஆம் ஏட்டில் இது வருகிறது. அங்கே அந்தப் பேச்சு தொடங்கும் விதம் கனமானது. ஆபிரகாமின் பிள்ளைகள் எகிப்தில் 210 ஆண்டு அடிமைப்பட்டுக் கிடந்தார்களே, அவர் செய்த குற்றம் என்ன என்று கேட்கிறார்கள். வேதம் படித்துக்கொண்டிருந்தவர்களைப் போருக்கு இழுத்துக்கொண்டு போனதுதான் குற்றம் என்று ஒருவர் சொல்கிறார். அந்தப் பேச்சின் போக்கில்தான் 318 வருகிறது. எலியேசர் அத்தனை பேருக்கும் சமமானவர் என்று ஒருவர் கருத்து. போனதே எலியேசர்தான், அவர் பெயரின் கணக்கு அது என்று இன்னொரு கருத்து. போனது ஒருவர் மட்டும் என்றால் படித்தவர்களைப் போருக்கு இழுத்த பழியும் நீங்கிவிடுகிறது. இந்தக் கணக்கு விளையாட்டாகப் பிறந்ததல்ல, முன்னோர் ஒருவர்மேல் விழுந்த பழியைக் குறித்த கவலைக்கு நடுவில் வந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆதியாகமத்துக்கான மித்ராஷ் என்னும் யூத விளக்க நூலில் இதே கருத்து பார் கப்பாரா என்ற ஆசிரியர் பெயரில் சொல்லப்படுகிறது. அவர் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்தில் இருந்தவர். அதற்கும் முன்னால் இந்த எண்ணை எழுத்தாகப் பிரித்தவர் யாராவது உண்டா என்று தேடியபோது கிடைத்தவர் ஒரு கிறிஸ்தவர். பர்னபாவின் நிருபம் என்று பெயர் பெற்ற கிரேக்க நூல், கி.பி. 70-க்கும் 135-க்கும் இடைப்பட்ட காலத்தது. அதை எழுதியவரும் 318-ஐத்தான் எடுக்கிறார். கிரேக்கத்தில் 10 என்றால் இயோட்டா, 8 என்றால் ஈட்டா. இயேசுவின் பெயர் தொடங்குவதே இந்த இரண்டு எழுத்தில். 300 என்றால் டவ், பார்வைக்குச் சிலுவை. ஆக, ஆபிரகாம் தன் ஆட்களின் எண்ணிக்கையிலேயே சிலுவையில் அறையப்பட்டவரைக் கண்டுகொண்டார் என்பது அவர் முடிவு. பிற்காலத்தில் 325-இல் நடந்த நிசேயா சங்கத்துக்கு வந்த ஆயர்களின் தொகையும் 318 என்றே வழங்கலாயிற்று. அதில் கலந்துகொண்ட யூசேபியஸ் 250-க்கு மேல் என்றுதான் எழுதியிருந்தார்.

ஒரே எண். யூதர் பார்த்தபோது எலியேசர், கிறிஸ்தவர் பார்த்தபோது இயேசு. இரண்டு கணக்குமே பிசகவில்லை. தேடலின் திசை எனக்கு மாறியது இங்கேதான். எழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எழுத்துக்கு எண் எப்போது வந்தது என்று கேட்கத் தொடங்கினேன்.

பெயரை எண்ணாக்குவது கிரேக்கரும் ரோமரும் வாழ்ந்த உலகில் தெருவில் கிடந்த பழக்கம். கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரின் சுவரொன்றில், 545 என்ற எண்ணுக்குரியவளைக் காதலிப்பதாக ஒருவன் கிறுக்கி வைத்திருக்கிறான். பெயரைச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பான். நீரோ என்ற பெயரைக் கூட்டினால் தாயைக் கொன்றவன் என்ற தொடரின் தொகை வருகிறது என்று ரோமில் வசைப்பாட்டு உலவியதைச் சூட்டோனியஸ் பதிந்திருக்கிறார். இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டு முன்பே அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன், தன் புதிய தலைநகரின் மதில் நீளத்தைத் தன் பெயரின் எண்ணுக்குப் பொருந்தக் கட்டியதாகக் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிறான்.

எபிரேய எழுத்து எண்ணானது எப்போது? நாணயங்கள் பதில் சொல்கின்றன. எருசலேமை ஆண்ட அலெக்சாந்தர் யன்னேயு என்ற மன்னனின் சிறு செப்புக் காசுகளில் ஆட்சியாண்டு 25 என்பது எழுத்தால் பொறிக்கப்பட்டிருக்கிறது. கி.மு. 78-ஐ ஒட்டிய காலம். ரோமுக்கு எதிராகக் கி.பி. 66-இல் கிளர்ந்தெழுந்த யூதர்கள் அடித்த வெள்ளிக் காசிலும் ஆண்டுகள் எழுத்தில்தான் இருக்கின்றன. யன்னேயுவுக்கு முந்தைய காலத்துக்குப் போகப் போக இந்தத் தடம் மறைந்துவிடுகிறது. 1880-இல் எருசலேமில் கண்டெடுத்த சீலோவாம் சுரங்கக் கல்வெட்டு கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுரங்கத்தின் நீளம் 1200 முழம். அந்த எண்ணை இருநூறும் ஆயிரமும் என்று சொல்லாலேயே செதுக்கியிருக்கிறார்கள். சமாரியாவில் 1910-இல் கிடைத்த, மையால் எழுதிய பானையோடுகளில் எகிப்திய எண்குறிகள் இருக்கின்றன. ஆபிராமின் கதை எழுத்தில் ஏறிய காலத்தில் எழுத்தர்கள் கணக்குக்கு எகிப்தியரின் குறியை இரவல் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்றால், ரேஷுக்கு 200 என்று அப்போது யார் வைத்திருப்பார்கள்?

எழுதியவரே எண்ணை வைப்பதற்கும் வாசிப்பவர் பிறகு அதைக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். சங்கராபரண ராகத்தின் பெயருக்கு முன்னால் 'தீர' என்ற சொல்லை ஒட்டவைத்தது, எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறைப்படி அது 29-ஆம் மேளம் என்று காட்டுவதற்காகவே. வைத்தவர்கள் தெரிந்தேதான் வைத்தார்கள். அவர்கள் கையில் ஒரு முறை இருந்தது. 318-ஐ எழுதியவர் கையில் அப்படி ஒரு முறை இருந்ததற்குச் சான்று இல்லை.

அதற்காகப் பழைய எபிரேய எழுத்தர்களுக்கு எழுத்தை ஒளித்து வைக்கவே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. எரேமியாவின் நூலில் 25-ஆம் அதிகாரத்தில் சேஷாக் என்றொரு நாடு வருகிறது. உலகில் எங்கும் இல்லாத நாடு. அகரவரிசையின் முதல் எழுத்துக்குப் பதில் கடைசி எழுத்து, இரண்டாவதற்குப் பதில் கடைசிக்கு முந்தையது என்று மாற்றிப் போட்டால் அது பாபேல் ஆகிவிடும். 51-ஆம் அதிகாரத்தில் சேஷாக்கும் பாபிலோனும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வருவதால் சந்தேகத்துக்கே இடமில்லை. இன்னும் ஒரு செய்தி: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு இடத்திலும் சேஷாக் கிடையாது. யாரோ ஒரு எழுத்தர் பின்னால் சேர்த்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருத அதுவே காரணம். எழுத்தில் உண்மையிலேயே ஒன்றை ஒளித்து வைத்தால் அது இப்படித்தான் தடம் விட்டுப் போகிறது.

அப்படியானால் 318 எங்கிருந்துதான் வந்தது? 1969-இல் ஸ்டான்லி கெவர்ட்ஸ் என்ற அறிஞர், 7 முதல் 49 வரையுள்ள பகா எண்களைக் கூட்டினால் 318 வருகிறது என்று காட்டினார். கூட்டிப் பார்த்தேன், வருகிறது. அழகுதான், ஆனால் என் மனம் ஏற்கவில்லை. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் மூன்றாம் ஆமென்ஹோதெப் வெளியிட்ட வண்டு வடிவக் கல் ஒன்று என்னை அதைவிட ஈர்க்கிறது. மித்தானி நாட்டு இளவரசி கிலுகெபா 317 பெண்கள் சூழ வந்ததாக அது சொல்கிறது. அவளையும் சேர்த்தால் 318. பெரிய பரிவாரத்துக்கு அந்தப் பக்கத்து நாடுகளில் வழங்கிய தொகையாக இருக்குமோ என்று கேட்க இடம் இருக்கிறது. இரண்டு சான்றை வைத்து அதற்கு மேல் பேசக்கூடாது.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதித்தவர், பழைய உரையாசிரியர்களிலேயே ஒருவர். ஸ்பெயினின் துதேலா நகரில் பிறந்த, 12-ஆம் நூற்றாண்டின் ஆபிரகாம் இப்னு எஸ்ரா. இதே வசனத்துக்கு உரை எழுதும்போது எலியேசர் கணக்கை அவர் தள்ளிவிடுகிறார். வேதம் எழுத்துக் கணக்கில் பேசுவதில்லை, விரும்பியவர் எந்தப் பெயரிலிருந்தும் நல்லதையும் எடுக்கலாம் கெட்டதையும் எடுக்கலாம் என்பது அவர் வாதம். கணக்குத் தெரியாதவர் சொன்ன பேச்சல்ல இது. எண்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். இந்தியர்களின் ஒன்பது இலக்க முறையை எபிரேய வாசகர்களுக்கு விளக்க, ஆலெஃப் முதல் தேத் வரை ஒன்பது எழுத்தை எடுத்துக்கொண்டு, சுழியத்துக்குச் சக்கரம் போல ஒரு வட்டம் போட்டார். நம் நாட்டுக் கணக்கைக் கற்றுத் தெளிந்த ஒருவர்தான் வேதத்தில் எண் தேடாதே என்று சொன்னார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அவர் சொன்னது எட்டு நூற்றாண்டுக்குப் பிறகும் பலித்தது. ஆதியாகமத்தின் எழுத்துகளைச் சம இடைவெளியில் தாவித் தாவிப் படித்தால் பிற்கால ரபிகளின் பெயர்களும் அவர்கள் பிறந்த, இறந்த நாள்களும் நெருங்கி நெருங்கி வருகின்றன என்று 1994-இல் ஒரு புள்ளியியல் இதழில் மூவர் எழுதினார்கள். 1999-இல் அதே இதழில் நால்வர், பெயர்ப் பட்டியலைத் தங்களுக்கு வேண்டியபடி கொஞ்சம் மாற்றிக்கொண்டு, 'போரும் அமைதியும்' நாவலின் எபிரேய மொழிபெயர்ப்பிலேயே அதே அளவு வியப்பை எடுத்துக் காட்டினார்கள்.

என் முடிவு இது. ஆதியாகமத்தை எழுதியவர் 318 பேர் என்றால் 318 பேரைத்தான் சொல்கிறார். எலியேசர் அந்த வசனத்துக்குள் வந்து சேர்ந்தது, எழுத்துக்கு எண் கிடைத்த பிறகு, வாசித்தவர்கள் வழியாக. அதனால் அவர் பொய் ஆகிவிட மாட்டார். அவர் இருக்கும் இடம் தல்மூத். அங்கே அவரைத் தேடினால் கிடைப்பார்.

1524-25-இல் வெனிஸ் நகரில் தானியேல் பொம்பெர்க் அச்சிட்ட பெரிய வேதப் பதிப்பில் ராஷியின் உரையும் இப்னு எஸ்ராவின் உரையும் மூலத்தை ஒட்டி ஒரே பக்கத்தில் இடம்பெற்றன. எலியேசரே என்ற உரையும் எலியேசர் இல்லை என்ற உரையும் யூதர்களின் பெரிய வேதப் பதிப்புகளில் இன்றுவரை சேர்ந்தே அச்சாகின்றன.